அழகாக உடுத்துவோம், விரயமின்றி உடுத்துவோம்

(ரமளானுக்கு முந்திய ஷஅபான் மாதச் சிறப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ரமளான் நெருங்கிவிட்டது. இன்னும் சில நாள்களில் துணிக்கடைகளில் கூட்டம் அலைமோதத் தொடங்கும். ஆகவே இன்று உடையைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம். அழகாக உடுத்தாதீர்கள் என்று சொல்லப் போகிறோம் என இளைஞர்கள் அஞ்ச வேண்டாம். அழகாகவும் உடுத்த வேண்டும், நீண்ட காலமும் உடுத்த வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

மார்க்கம் காட்டும் நடுநிலை

திருக்குர்ஆனின் அல்அஃராஃப் அத்தியாயத்தில் 31ஆவது வசனம், தொழுமிடங்களில் அழகிய தோற்றத்துடன் இருக்கும்படி பணிக்கிறது. அதே வசனத்தின் இறுதியிலேயே வீண்விரயம் தடுக்கப்படுகிறது. அழகும் அளவும் ஒரே வசனத்தில் அருகருகே அமைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும்.

நல்ல ஆடையையும் காலணியையும் விரும்புவது பெருமையாகுமா என்ற ஐயம் நபித்தோழர் ஒருவருக்கு எழுந்தது. அது பெருமையில் சேராது, உண்மையை மறுப்பதும் மனிதரை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். அந்த நபியவர்களே தம் ஆடையைத் தம் கையால் தைத்துக்கொண்டார்கள், செருப்பைச் செப்பனிட்டுக்கொண்டார்கள் என்பதையும் நாம் அறிவோம். அழகை விரும்புவதும் ஒட்டுப்போட்டு உடுத்துவதும் அவர்களிடம் சேர்ந்தே இருந்தன.

ஒரு சட்டையின் பின்னே

கடையில் தொங்கும் சட்டையில் விலைச்சீட்டு மட்டுமே நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குப் பின்னால் செலவான நீர் தெரிவதில்லை. ஒரு பருத்தி டீ-சர்ட்டுக்கு ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒளுச் செய்யுமிடத்தில் நீரை வீணாக்காதீர் என்று பலகை எழுதி வைக்கிறோம். ஒருமுறை உடுத்தி மூலையில் எறியும் சட்டைக்கு அப்படி ஒரு பலகை இல்லை.

ஹதீஸ் கலை மேதை இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்களின் ஊரான திர்மித், மத்திய ஆசியாவின் ஆமூ நதிக்கரையில் உள்ளது. நம் அரபுக் கிதாபுகள் அந்நதியை ஜைஹூன் என்று குறிப்பிடும். அதுவும் ஸைஹூன் எனப்படும் சிர் நதியும் ஆரல் கடலுக்கு நீர் தந்து வந்தன. கடல் என்று பெயர் பெற்றாலும் அது ஓர் ஏரிதான். ஒரு காலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரி. 1960களிலிருந்து அன்றைய சோவியத் அரசு பருத்தி விளைவிப்பதற்காக அவ்விரு நதிகளின் நீரையும் பெருமளவில் திருப்பிவிட்டது. ஐம்பது ஆண்டுகளுக்குள் ஏரி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. மீன்பிடித் துறைமுகமாக விளங்கிய முய்நாக் நகரில் கப்பல்கள் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டாம். திருப்பூர்ச் சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றை நாம் அறிவோம். பாசனத்துக்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. அந்த நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று உழவர்களே சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. கழிவு நீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டோடுதான் பட்டறைகள் பின்னர் இயங்கத் தொடங்கின.

வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து விழுந்தது. முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டும் தொழிலாளர்களை வேலைக்கு அழைத்தார்கள். 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் பெண்கள். மலிவாகவும் விரைவாகவும் வேண்டும் என்ற நெருக்கடிக்கு அவர்கள் தந்த விலை அது.

இவற்றைக் கேட்டுவிட்டு, வீட்டிலுள்ள பாலியஸ்டர் ஆடைகளையெல்லாம் எறிந்துவிட்டுப் பருத்தியாக வாங்கிக் குவிப்பதும் சரியாகாது. பாலியஸ்டர் கச்சா எண்ணெயிலிருந்து வருவது. துவைக்கும்போது அதன் நுண்ணிழைகள் நீரில் கலக்கின்றன. எறிந்தாலோ மண்ணில் எளிதில் மக்காது. நம் பெண்கள் அணியும் புர்காக்களில் பலவும் அத்துணியே. ஆனால் அது உழைக்கும் துணி. ஏற்கெனவே இருக்கும் புர்காவை இன்னும் சில ஆண்டுகள் பேணி உடுத்துவதே அதற்குரிய நியாயம்.

அழகு எதில் இருக்கிறது?

விலையுயர்ந்த சட்டை தோளில் சரியாக அமராவிட்டால் அழகு தராது. அளவெடுத்துத் தைத்து, துவைத்து, இஸ்திரி போட்ட எளிய சட்டை அணிந்தவரை மதிப்போடு நிறுத்தும். அளவு, தூய்மை, நிறப் பொருத்தம் ஆகிய மூன்றையும் பேணுபவர் நான்கு உடைகளோடும் நேர்த்தியாகத் தோன்றலாம். வெள்ளை, சாம்பல், கருநீலம் போன்ற நிறங்களில் எடுத்தால் எந்தச் சட்டையும் எந்தக் காற்சட்டையோடும் சேரும்.

துணி எடுக்கும்போது வெளிச்சத்தில் பிடித்து நெசவின் நெருக்கத்தைப் பாருங்கள். ஆயத்த ஆடையென்றால் உட்புறத்தைத் திருப்பித் தையலைப் பாருங்கள். பிள்ளைகளுக்குத் தைக்கும்போது உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு பிரித்து நீட்டிக்கொள்ளலாம். அடர்நிறத் துணியை உட்புறம் வெளியே வரத் திருப்பி நிழலில் உலர்த்தினால் வண்ணம் எளிதில் மங்காது.

இயன்றவர்கள் கைத்தறியை ஆதரிக்க வேண்டும். மேலப்பாளையத்தில் ஒரு காலத்தில் நம் மக்கள் பலர் தறியில் கைலி நெய்து பிழைத்தார்கள். கைலி ஒன்று நைந்த பின்பும் தலையணை உறையாகிறது, கைக்குழந்தைக்கு விரிப்பாகிறது, கடைசியில் அடுப்படியில் பிடிதுணியாகிறது. இந்தச் சிக்கனம் நம் பாட்டிமார்களுக்கு எவரும் வகுப்பெடுத்துக் கற்பித்ததன்று.

பெருநாளும் திருமணமும்

பெருநாளில் இருப்பவற்றில் சிறந்ததை உடுத்துவது நம் மரபு. சிறந்தது என்றால் புதியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கடைக்குச் செல்லுமுன் பீரோவைத் திறந்து பாருங்கள். மறந்துபோன நல்ல உடை ஒன்று அங்கே இருக்கக்கூடும். வாங்குவதென்றால், பெருநாளுக்குப் பின் ஜும்ஆவுக்கும் உறவினர் வீட்டு நிகழ்ச்சிகளுக்கும் உதவும்படி வாங்குங்கள்.

திருமண உடையே நம்மை அதிகம் வருத்துகிறது. நிக்காஹ் நாளில் ஒரு முறை உடுத்திய ஜரிகைப் பட்டும் ஷெர்வானியும் அதன்பின் பீரோவில் உறங்குகின்றன. அதற்காக வட்டிக்குக் கடன் வாங்கும் குடும்பங்களும் நம் மஹல்லாக்களில் உள்ளன. அனுமதிக்கப்பட்ட அழகு ஒன்றுக்காகத் தடுக்கப்பட்ட வட்டியில் விழுவது எவ்வளவு பெரிய இழப்பு! கல்யாண வீட்டின் விளக்குகள் அணைந்த பிறகும் அந்தக் கடன் அணைவதில்லை.

இதற்கு வழி மதீனாவிலேயே இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் முரட்டுத் துணியாலான யமன் நாட்டு அங்கி ஒன்று இருந்தது. அதன் விலை ஐந்து திர்ஹம். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவில் மணப்பெண்ணை அலங்கரிக்கும்போது, அந்த அங்கியை இரவல் கேட்டு ஆளனுப்புவது வழக்கமாயிருந்தது என்ற செய்தி ஸஹீஹுல் புகாரீயில் உள்ளது. இரவல் உடையில் மணமகளாக நிற்பது அந்தச் சமுதாயத்தில் இழிவாகக் கருதப்படவில்லை. நம்மிடையே அது எப்போது இழிவாயிற்று?

ஆகவே ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். நம் மஹல்லாவிலுள்ள வசதியான குடும்பத்தார் ஒரு முறை மட்டுமே உடுத்திய திருமண உடைகளை ஜமாஅத்திடம் ஒப்படைக்கட்டும். அவற்றைத் துவைத்து, செப்பனிட்டு, ஓர் அலமாரியில் வைத்து, வேண்டுவோருக்கு இரவல் கொடுப்போம். பெண்களுக்கான உடைகளைப் பெண்களே பொறுப்பேற்று நடத்தட்டும். பெற்றவர் யார் என்பது வெளியே தெரியக் கூடாது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே வந்து பெறும் அலமாரியாக அது ஆகிவிடவும் கூடாது. வசதியுள்ள வீட்டு மணமகளும் அதிலிருந்து ஒன்றை எடுத்து உடுத்தும் நாளில்தான் கூச்சம் நீங்கும்.

பழைய உடைகளைத் தர்மம் செய்யும்போதும் பொத்தான் தைத்து, துவைத்து, மடித்துக் கொடுங்கள். நாம் கையால் தொடத் தயங்குவதைப் பிறருக்குத் தருவது தர்மமாகாது.

அழகை நேசிக்கும் உள்ளத்தையும், விரயத்தை அஞ்சும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஒருங்கே தந்தருள்வானாக! வட்டியின் சுமையிலிருந்து நம் குடும்பங்களைக் காப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.