வேலையோடு மேற்படிப்பு: பணம் கட்டும் முன் பாருங்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். ஐந்தில் முடிக்கிறேன், காபி ஆறிவிடும்.

நம் குடியிருப்பில் ஒரு பெண், கல்லூரி விடுதியில் வார்டன். ஒருநாள் இரவு ஒரு மணிக்கு முதலாண்டு மாணவி ஒருத்தி அவர் கதவைத் தட்டி அழுதிருக்கிறாள். "பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் அங்கிள், என்ன பேசுவதென்றே தெரியவில்லை. இதை முறையாகப் படிக்கணும்" என்றார்.

நியாயமான ஆசை. யுஜிசியின் 2009 ராகிங் தடுப்பு விதிமுறைகளே, வார்டனுக்குக் கண்டிப்பு மட்டும் போதாது, இளைஞர்களிடம் பேசி ஆலோசனை சொல்லும் பக்குவமும் வேண்டும் என்கின்றன.

இதற்குள் ஓர் ஏஜென்ட், "தொலைநிலையில் எம்.ஏ. உளவியல், இந்த வாரமே சேரலாம்" என்று சொல்லி, தன் சொந்தக் கணக்குக்கு 15,000 ரூபாய் அனுப்பச் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, அனுப்பும் முன் என்னிடம் காட்டினார். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யுஜிசி நிறுத்திவிட்டது. அந்தப் பணம் போயிருந்தால் போனதுதான்.

ஆகவே மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியல். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது. நீங்கள் சேரும் பாடமும் பருவமும் அதில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால், அந்தப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022-இல் யுஜிசியே தெளிவுபடுத்தியிருக்கிறது.

இரண்டு, கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் மட்டும் கட்டி ரசீது வாங்குங்கள். முப்பது வருடம் கவுன்டரில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், ரசீது இல்லாத பணத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

மூன்று, தேர்வு மாதம். இது என் சொந்தக் கதை. 1985-இல் அஞ்சல் வழியில் எம்.காம். சேர்ந்தேன். முதல் வருடம் பாஸ். இரண்டாம் வருடத் தேர்வு டிசம்பரில் வந்தது. அப்போது வங்கிகளுக்கு வருடக் கணக்கு முடிப்பும் டிசம்பரில்தான். லீவு கிடைக்கவில்லை. அடுத்த முறை எழுதலாம் என்றேன். பிறகு குழந்தை, டிரான்ஸ்ஃபர். அந்த முதல் வருட மார்க் ஷீட் இன்னும் பீரோவில் இருக்கிறது. சேரும்போதே தேர்வு மாதத்தைக் கேட்டு மேனேஜரிடம் பேசியிருக்கலாம். பேசத் தோன்றவில்லை.

அந்த வார்டன் இப்போது இக்னோவின் எம்.ஏ. கல்வியியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நேரில் உளவியல் படிக்கக் கல்லூரி லீவு தருமா என்றும் கேட்டிருக்கிறார். அவர் வீட்டாருக்கு ஒரு வார்த்தை: தேர்வு வாரத்தில் சமையலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நூலக அறையில் இருப்பேன். விண்ணப்பத்தைக் கொண்டு வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.