துக்க வீட்டில் நம் விசுவாசம்



2016 மே 17 ஆம் திகதி நம் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும், புளத்கொஹுப்பிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்தது. குடும்பம் குடும்பமாகப் புதையுண்டு போனார்கள். கரவனெல்லயில் படித்து எங்கெங்கோ வாழும் நமக்கும் அது தூரத்துச் செய்தி அல்ல. "ஆண்டவர் ஏன் இப்படி விட்டார்?" என்று கேட்டவர்களுக்குச் சொல்ல நம்மிடம் பதில் இருக்கவில்லை.

வேதத்திலே யோபுவின் நண்பர்கள் மூவர் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் ஆறுதலாக இருந்தார்கள். துன்பத்துக்குக் காரணம் சொல்லத் தொடங்கியதும் அவர்களே பாரமானார்கள். லாசருவை எழுப்பப்போகிற இயேசுவும் மரியாளின் கண்ணீரைக் கண்டு முதலில் அழுதார். 88 ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் ஜெபந்தான்.

வைத்தியசாலையிலும் நாம் காண்பது இதுவே. பிள்ளையை இழந்த தாய்க்கு விளக்கத்தைவிடப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

ஆகவே சகோதரிகளே, துக்க வீட்டில் "எல்லாம் தேவ சித்தம்" என்று அவசரப்பட்டுச் சொல்லாதிருப்போம். பக்கத்தில் உட்காருவோம், தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்போம். முப்பத்தோராம் நாள் கழிந்து, சனம் குறைந்த பிறகும் அந்த வாசலுக்குப் போவோம். தூரத்தில் இருப்பவர்கள் அன்றைக்கும் தொலைபேசியில் அழைப்போம்.