உருளைக்கிழங்கு வறுவலும் ஒரு குடும்பமும்



சம்பள நாளன்று பிள்ளைகள் கடையில் கைநீட்டிக் கேட்கும் பண்டங்களுள் உருளைக்கிழங்கு வறுவலும் ஒன்று. பொட்டலத்தைப் பிரித்தால் பாதி காற்றுத்தானே என்று தாய்மார்கள் குறைப்படுவதும் உண்டு. இப்பண்டத்தைச் செய்பவர்கள் எல்லாரும் உலகப் பெருநிறுவனங்கள் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஓர் இளைஞர் தொடங்கி, இன்றும் அவருடைய குடும்பத்தார் கையிலேயே இருந்துவரும் ஹெர்ஸ் என்னும் வறுவல் தொழிலைப் பற்றி இன்று பேசவிருக்கிறோம்.

1946ஆம் ஆண்டு. ஜேம்ஸ் ஹெர் என்பவர் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். இருபது வயதைத் தாண்டிச் சிறிது காலமே ஆகியிருந்தது. லான்காஸ்டர் நகரில் வெர்னாஸ் என்ற பெயரில் நடந்துகொண்டிருந்த சின்னஞ்சிறு வறுவல் தொழில் விலைக்கு வந்தது. 1,750 டாலர் கொடுத்து அதை வாங்கினார். மறு ஆண்டு மிரியம் என்னும் பெண்ணை மணந்தார். அந்த ஆண்டிலேயே குடும்பப் பண்ணையில் வெறுமையாகக் கிடந்த புகையிலைக் கொட்டகைக்குத் தொழிலை மாற்றினார். தொழிற்சாலை என்று பெயர்தானே தவிர, கொட்டகைதான். இத்தகைய தொழிலில் கிழங்கு சீவுவது, வறுப்பது, பொட்டலம் கட்டுவது, கணக்கு எழுதுவது எல்லாம் வீட்டார் தலையில்தான் விழும். தோட்டத்தில் முறுக்குச் சுட்டு விற்கும் அக்காமார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வறுவல் செய்வது பார்வைக்கு எளிய வேலை, கைக்கு அப்படியில்லை. உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். கொதிக்கும் எண்ணெயில் அந்தத் தண்ணீர் நுரைத்து ஆவியாகப் போகிறது. ஆகவேதான் ஏறக்குறைய நான்கு கிலோ கிழங்கு போட்டால் ஒரு கிலோ வறுவல் கிடைக்கிறது. சீவிய துண்டுகளைத் தண்ணீரில் அலசி, மேலே படிந்த மாவைப் போக்காவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கிழங்கைக் கடுங்குளிரில் சேமித்து வைத்தாலும் வம்பு: உள்ளிருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடும், வறுத்தால் கருகிக் கசக்கும். கிழங்கு வாங்குவதிலும் வைப்பதிலும் கோட்டைவிட்டவன் எவ்வளவு நல்ல எண்ணெய் ஊற்றினாலும் பயனில்லை. பொட்டலத்துக் காற்றைப் பற்றிச் சொன்னோமே, அதுவும் வெறும் ஏமாற்று அன்று. இக்காலத்தில் பெரும்பாலும் நைட்ரஜன் வாயுவை அடைக்கிறார்கள். எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்காமலும் துண்டுகள் நொறுங்காமலும் அது காக்கிறது. ஆனாலும் தாய்மார்கள் குறையில் நியாயம் இல்லாமலும் இல்லை. வாங்கும்போது பையின் பருமனைப் பாராமல் அச்சிட்டிருக்கும் எடையைப் பாருங்கள்.

ஹெர் தம்பதியர் கதைக்கு வருவோம். 1949இல் வெஸ்ட் வில்லோ என்ற ஊரில் பழைய ரொட்டிக் கிடங்கு ஒன்றுக்கு இடம் மாறினார்கள். தொழில் கால் ஊன்றும் வேளையில், 1951இல் தீ விபத்து நேர்ந்து அந்தத் தொழிற்சாலை அழிந்தது. ஐந்து ஆண்டு உழைப்பு சாம்பலாயிற்று. விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போயிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர்களோ நாட்டிங்காம் என்ற சிற்றூரில் 37 ஏக்கர் பண்ணை நிலத்தை வாங்கி, 1952இல் புதிய தொழிற்சாலையைத் திறந்தார்கள். இரண்டு அறை வேண்டிய இடத்தில் 37 ஏக்கர் எதற்கு என்று அன்று கேட்டவர்களும் இருந்திருக்கலாம். பின்னாளில் விரிவடைய இடம் கொடுத்தது அந்த நிலமே.

பென்சில்வேனியாவில் இப்படிப்பட்ட குடும்பத் தொழில்கள் பல தோன்றின. 1921இல் ஹானோவர் நகரில் சாலி அட்ஸ் என்ற அம்மையார் தம் வீட்டுச் சமையற்கட்டில் மணிக்கு ஐம்பது பவுண்டு வறுக்க, கணவர் பில் கொண்டுபோய் விற்றார். வறுவல் இடத்தை அடைக்கும், எளிதில் உடையும், நாள்பட்டால் நமத்துப்போகும். ஆகவே தொலைவிலிருந்து வருவதைவிடப் பக்கத்து ஊரில் செய்ததே சுவையாகவும் மலிவாகவும் இருந்தது. வட்டாரத்துக்கு வட்டாரம் ஒரு பெயர் நிலைத்ததற்குக் காரணம் இதுதான்.

பின்னர் நல்ல சாலைகளும் காற்றுப் புகாப் பொட்டலங்களும் வந்தன. 1961இல் ஃபிரிட்டோ, லேய்ஸ் என்னும் இரண்டு பெரிய நிறுவனங்கள் ஒன்றாயின; 1965இல் அவை பெப்சி கோலாவுடன் இணைந்து பெப்சிகோ என்னும் மலையாக எழுந்தன. சிறியவர்கள் பலர் விற்றுவிட்டு ஒதுங்கினார்கள், சிலர் மூடினார்கள். மேலே சொன்ன அட்ஸ் நிறுவனமும் 2020இல் பங்குச் சந்தைக்குப் போயிற்று. பங்கு விற்பதைத் தவறென்று நாம் சொல்லவில்லை. ஆனால் முன்பின் அறியாத பங்குதாரருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டுவது ஒன்று. சாப்பாட்டு மேசையில் அண்ணன் தம்பிக்கு பதில் சொல்வது வேறொன்று. இரண்டாவது எளிதென்றும் யாரும் எண்ண வேண்டாம்.

ஹெர் குடும்பம் விற்கவில்லை. பிள்ளைகளும் அடுத்த தலைமுறையினரும் நிர்வாகத்துக்குள் வந்தார்கள். ஜேம்ஸ் ஹெர் 2012இல் தமது 87ஆம் வயதில் காலமானார்.

நமக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய மாட்டுப் பண்ணைதான். தொழிற்சாலையில் தோலும், கழித்த கிழங்கும், உடைந்து கருகிய வறுவலும் நாள்தோறும் மிஞ்சும். அவற்றைக் குப்பையில் கொட்டாமல், மற்றத் தீவனத்தோடு கலந்து தங்கள் மாடுகளுக்கே போட்டார்கள். ஆலையைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் காட்டுவதும், எண்ணெயிலிருந்து அப்போதுதான் வெளிவந்த வறுவலைச் சூட்டோடு ஆளுக்கொரு கை கொடுப்பதும் நெடுங்காலம் அங்கே வழக்கமாக இருந்தது.