சொல்லுக்கு உரியவர் யார்?

ஒருவன் கடையிலே நூலொன்றை விலை கொடுத்து வாங்குகிறான். அதனை அவன் விற்கலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம், அடுப்பிலிட்டு எரிக்கவுங்கூடும். ஆயின், மீள அச்சிட்டு விற்றல் மாத்திரம் ஆகாது. தாள் அவனுடையது, சொல் அவனுடையதன்று. நிலமும் நகையும் ஒருவர் எடுத்தால் மற்றவருக்கு இல்லாமற் போகும். சொல்லோ எத்தனை பேர் எடுத்தாலுங் குறைவதில்லை. இத்தகைய பொருளுக்கு வேலியிடுவது எங்ஙனம்?

இங்கிலாந்திலே ஆன் அரசியார் காலத்தில், 1710ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம் அவ்வேலியைக் காலத்தால் அமைத்தது. புதிய நூலுக்கு 14 ஆண்டு உரிமை. அது முடியும்போது ஆக்கியோன் உயிரோடிருப்பின் மேலும் 14 ஆண்டு.

இலண்டன் நூல் வணிகருக்கு இவ்வெல்லை உவப்பாயில்லை. ஆக்கியோனின் உழைப்புக்கு என்றும் அழியாத உரிமையுண்டென வாதித்தனர். வாதம் புலவன் பெயரால். ஆதாயமோ அவனிடம் ஒரேயொரு முறை விலை பேசி வாங்கிய வணிகருக்கு! பருவகாலங்களைப் பாடிய தொம்சன் என்னும் கவிஞர் 1748இல் இறந்துவிட்டார். அவர் நூலைப் பற்றிய வழக்கிலே, 1769இல், மான்ஸ்பீல்ட் பிரபுவும் வேறிரு நீதிபதிகளும் வணிகர் பக்கமே தீர்ப்பளித்தனர். யேற்ஸ் என்னும் நீதிபதி ஒருவரே மாறுபட்டார். வெளியிடாத கருத்து கூட்டிலிருக்கும் பறவை போன்றது, திறந்துவிடும் உரிமை உடையவனுக்கே உண்டு, பறந்தபின் அது பொதுவாகிவிடும் என்பது அவர் கொள்கை.

எடின்பரோ நகரத்து டொனால்ட்சன் அஞ்சவில்லை. காலங்கடந்த நூல்களை மலிவாக அச்சிட்டு, இலண்டனிலேயே கடை திறந்து விற்றார். தொம்சனின் நூலை அச்சிட்டமைக்காக பெக்கற் முதலிய வணிகர் அவர்மீது வழக்குத் தொடர்ந்தனர். பிரபுக்கள் சபை 1774 பெப்ரவரி 22ஆம் நாள் டொனால்ட்சனுக்குச் சார்பாகத் தீர்ப்புக் கூறியது. சட்டம் விதித்த காலம் முடிந்தால் உரிமையும் முடிந்தது. எடின்பரோ மக்கள் தீ மூட்டி மகிழ்ந்தனராம். மலிவு விலை நூலுக்காக ஒரு நகரம் விழாக் கொண்டாடியது வியப்பே.

இலங்கையில், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பதிப்புரிமை பொதுவாக ஆக்கியோனின் வாழ்நாளும் அதன்மேல் 70 ஆண்டும் நிற்கும். பேரன் காலம்வரை நீளும் இவ்வெல்லை சற்று மிகையே. புதுப்புனைவுக்கான ஆக்கவுரிமையோ 20 ஆண்டுடன் தீரும். அதனைப் பதிவு செய்து பெறல் வேண்டும். பதிப்புரிமைக்குப் பதிவு வேண்டியதில்லை. படைத்த கணத்திலேயே அது பிறக்கின்றது. கருத்துக்கு இல்லை, அதனைச் சொல்லிய வகைக்கே அவ்வுரிமை. அச்சேறிய நூலுக்கு மாத்திரமன்றி, சொற்பொழிவுக்கும் பிரசங்கத்துக்கும் இச்சட்டம் அதே காவலை அளிக்கின்றது.