ஒற்றைப் பாட்டின் புகழ்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



பழைய பாட்டுக்களைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரியவர்களின் முகத்தில் ஓர் ஒளி தோன்றும். "ஒரே ஒரு பாட்டுப் பாடினார், பிறகு ஆளையே காணவில்லை" என்று சில பாடகரைக் குறித்துப் பெருமூச்சும் விடுவார்கள். மேல்நாட்டு இசையுலகில் இத்தகையோரை 'ஒற்றைப் பாட்டு அதிசயம்' என்று அழைப்பர். இப்பட்டம் நீதியானதா என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட விடயம்.

கியூ சக்கமோட்டோ என்னும் ஜப்பானியப் பாடகரைப் பாருங்கள். 1941ஆம் ஆண்டு டிசம்பரில், பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்ட அதே கிழமையிற் பிறந்தவர். 1961இல் ஒரு பாட்டைப் பாடினார். இயற்றியவர் ரொகுசுகே எய். இசையமைத்தவர் ஹச்சிதாய் நக்கமுரா. அமெரிக்காவுடனான பாதுகாப்பு உடன்படிக்கைக்கு எதிராக 1960இல் எழுந்த கிளர்ச்சி தோல்வியுற்ற மனவேதனையிற் பிறந்த பாட்டு அது. கண்ணீர் சிந்தாதிருக்க வானத்தை நோக்கியபடி தனியே நடக்கும் ஒருவனின் துயரமே அதன் பொருள்.

அதே அமெரிக்காவில், 1963 ஜூனில், அப்பாட்டு பில்போட் வரிசையில் மூன்று வாரம் முதலிடம் பெற்றது. ஜப்பானிய மொழிப் பாட்டொன்று அவ்விடத்தை எட்டியது அதுவே முதன்முறை. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்வரை பகைவரின் மொழியாய் இருந்ததை, பொருள் விளங்காமலே மக்கள் கேட்டு உருகினர். ஆயினும் அவர்களுக்கு அது விற்கப்பட்ட பெயர் 'சுக்கியாக்கி'. அது ஓர் இறைச்சிக் கறியின் பெயர்! நமது சோகப் பாட்டொன்றைப் பிறநாட்டார் 'இடியப்பம்' என்று அழைத்தால் எப்படியிருக்கும்?

அடுத்த பாட்டு அங்கே 58ஆம் இடத்தோடு நின்றது. அமெரிக்கருக்கு அவர் ஒற்றைப் பாட்டுக்காரர் ஆனார். ஆனால் ஜப்பானிலோ 'நாளை உண்டு' என்னும் பாட்டு முதலாகப் பலவற்றைப் பாடிப் புகழுடன் வாழ்ந்தார். 1985 ஓகஸ்ட் 12ஆந் தேதி, 520 பேரைப் பலிகொண்ட விமான விபத்தில், தமது 43ஆம் வயதில் மறைந்தார்.

அன்பர்களே, அவர் பாடுவதை நிறுத்தவில்லை. அமெரிக்கரே கேட்பதை நிறுத்தினர். குறை பாடியவரிடமா, கேட்டவரிடமா?

நம் சங்க இலக்கியத்திலும் இதற்கு இணையுண்டு. குறுந்தொகையின் 40ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. செம்மண்ணிற் பெய்த மழைநீரை உவமையாக்கியமையால் செம்புலப்பெயனீரார் என்றே அழைக்கிறோம். அவர் பாடியதாக நம் கைக்கு எட்டியது அவ்வொன்றே. அவர் பாடியதே ஒன்றுதான் என்று எவரேனும் துணிந்து கூறுவரா?

பெரியோர்களே, பழம்பாட்டை நினைந்து மகிழ்வது நன்று. அதனோடு, அப்பாடகரின் இரண்டாம் பாட்டையும் தேடிக் கேளுங்கள். சென்ற ஆண்டு இம்மேடையில் நன்றாகப் பாடிய பிள்ளையை இவ்வாண்டும் அழைத்தோமா என்றும் எண்ணிப் பாருங்கள். இளைஞர்களே, உலகம் உங்களிடம் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகலாம். அதற்காக நீங்கள் வாயை மூடிவிடாதீர்கள்.