வெந்நீர் ஊற்றும் தேவதையும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இங்கிலாந்து தேசத்திலுள்ள பாத் என்னும் நகரத்தைப் பற்றியதாகும். பாத் என்றால் அவர்கள் பாஷையில் குளிப்பு என்று அர்த்தம். பூமிக்குள்ளிருந்து வெந்நீர் தானாகவே பொங்கி வருகிறபடியால் அவ்வூருக்கு அந்தப் பெயர் வந்தது. எங்கேயோ இருக்கும் வெந்நீரைப் பற்றி நமக்கென்ன கவலை என்று சிலர் நினைக்கலாம். ஒரே ஊற்று நீரைப் பற்றி ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷ காலமாய் ஜனங்கள் என்னென்ன நம்பினார்கள், அந்த நம்பிக்கைகளில் எது நிலைத்தது, எது மண்ணாய்ப் போயிற்று என்பதை அவ்வூரில் ஒரே நாளில் கண்ணால் பார்த்துவிடலாம். அதற்காகத்தான் இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

லண்டன் பட்டணத்தில் காலையில் ரயில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாத் நகரில் இறங்கலாம். அங்கே வருகின்றவர்கள் முதலில் பார்க்கப் போவது ரோமர்கள் கட்டிய குளிப்பு மண்டபம். அங்கேயுள்ள ஊற்றில் நாளொன்றுக்குச் சுமார் 11 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் தண்ணீர், 46 டிகிரிச் சூட்டுடன் பொங்கிக்கொண்டிருக்கின்றது. பெரிய குளத்தின் அடியில் 45 ஈயத் தகடுகளைப் பதித்துத் தண்ணீர் கசியாதபடி செய்திருக்கிறார்கள். ரோமனின் தொழில் திறமைக்கு அது ஒரு அத்தாட்சி.

ஆனால் அந்தத் திறமைசாலியின் கடவுள் புத்தி எப்படி இருந்தது என்று பாருங்கள். அடுப்பும் விறகும் இல்லாமல் தண்ணீர் சுடுவதைப் பார்த்த அந்நாட்டுப் பழங்குடி மக்கள், காரணம் தெரியாமல், சூலிஸ் என்று ஒரு தேவதையின் வேலை அது என்று எண்ணினார்கள். பிறகு படையெடுத்து வந்த ரோமர்கள் அந்தத் தேவதையைத் துரத்தவில்லை. தங்கள் மினர்வாவையும் அவளையும் ஒன்றாக்கி, சூலிஸ் மினர்வா என்று பெயர் வைத்து, கி.பி. 60 - 70 வாக்கில் ஒரு கோயிலையும் கட்டிவிட்டார்கள். நாட்டைப் பிடித்தவன் அந்நாட்டுச் சாமியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வது உலகமெங்கும் நடந்திருக்கின்ற தந்திரந்தானே!

அந்த ஊற்றுக்குள் தோண்டியபோது 12,000க்கு மேற்பட்ட காசுகள் கிடைத்தன. சுமார் 130 ஈயத் தகடுகளும் கிடைத்தன. அவை என்ன, வேதமா, தத்துவமா? ஒன்றும் இல்லை. சாபங்கள்! குளிக்க வந்த இடத்தில் துணி களவு போனவன், காசு களவு போனவன், கையுறை களவு போனவன் எல்லோரும், திருடியவனைத் தண்டிக்கும்படி தேவதைக்கு எழுதிச் சுருட்டிப் போட்ட விண்ணப்பங்கள். ஒரு ஜோடிக் கையுறையைப் பறிகொடுத்த ஒருவன், எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போகவேண்டுமென்று கேட்டிருக்கின்றான். நம் பக்கத்தில் காளி கோயிலில் காசு வெட்டிப் போடுகின்றவர்களுக்கு இது ஒன்றும் புதிதாகத் தோன்றாது. நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். தன் வாசலில், தன் குளத்தங்கரையில், தன் பக்தனின் துணியைக் காப்பாற்ற யோக்கியதையில்லாத தேவதை, வேறு எதைக் காப்பாற்றப் போகிறாள்? அப்படிப்பட்டவளுக்குக் கோயில் எதற்கு, பூசாரி எதற்கு, காணிக்கை எதற்கு?

நிற்க. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமர்களின் ஆட்சி அந்நாட்டைவிட்டுப் போய்விட்டது. கோயில் இடிந்து சேற்றில் புதைந்தது. தேவதைக்கு விளக்கேற்ற ஒரு ஆளும் இல்லை. அதனால் தண்ணீர் நின்றுவிட்டதா? சூடு ஆறிவிட்டதா? இல்லை. பூசை நடந்தபோது எப்படிப் பொங்கிற்றோ அப்படியே பூசை நின்ற பிறகும் பொங்கிற்று. பிற்பாடு கிறிஸ்தவப் பாதிரிமார் வந்து பக்கத்திலேயே மடம் கட்டினார்கள். அதற்கும் பிறகு, குஷ்டம் பிடித்த பிளாடட் என்னும் ராஜகுமாரன் பன்றிகளோடு அந்தச் சேற்றில் புரண்டு குணமடைந்தான் என்று ஒரு ஸ்தல புராணம் கிளம்பிற்று. இவ்வளவு பேருக்கும் தண்ணீர் சுடும் காரணம் மாத்திரம் தெரியவில்லை.

நில ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்த காரணம் இதுதான். மெண்டிப் குன்றுகளில் பெய்த மழை, சுண்ணாம்புப் பாறை வழியாக இரண்டாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கி, பூமியின் உள்சூட்டால் காய்ந்து, பாறை வெடிப்பு வழியாக மேலே ஏறி வருகின்றது. இவ்வளவுதான் சங்கதி. இதில் தேவதைக்கும் வேலையில்லை, ராஜகுமாரனுக்கும் வேலையில்லை.

மத்தியானத்தில் ஊருக்குள் சுற்றினால், பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிய அழகான கல் வீடுகளைப் பார்க்கலாம். பிறை வடிவத்தில் முப்பது வீடுகளை ஒரே வரிசையாக 1767 முதல் 1774 வரையில் கட்டியிருக்கிறார்கள். அக்காலத்தில் பிரபுக்கள் நோயைச் சாக்கிட்டு வந்து சீட்டாடி நடனமாடிய ஊர் அது. ஊருக்கு மேலேயுள்ள குன்றில் பெக்ஃபோர்டு என்ற செல்வன் 1827ல் முடித்த கோபுரம் ஒன்று நிற்கின்றது. அவன் சொத்து ஜமைக்கா தீவின் கரும்புத் தோட்டங்களில் நீக்ரோ அடிமைகளின் முதுகிலிருந்து பிழிந்தது. கல்லின் அழகைப் பார்க்கின்றவர்கள் அந்தக் காசு யாருடைய இரத்தம் என்பதையும் யோசிக்கவேண்டும்.

பிரபுக்களுக்குக் குளிப்பு உல்லாசம். ஏழைக்கு அது கடைசி நம்பிக்கை. 1742ல் ஏழை நோயாளிகளுக்காக அங்கே ஒரு ஆஸ்பத்திரி திறந்தார்கள். உள்ளே சேருகின்ற நோயாளி முன்பணம் கட்டவேண்டும். எதற்கென்றால், பிழைத்தால் ஊர் திரும்பும் செலவுக்கு. செத்தால் அடக்கச் செலவுக்கு! ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் கோயிலில் இல்லாத ஒரு வஸ்து இருந்தது. அதுதான் கணக்குப் புத்தகம். வந்தவர் இத்தனை பேர், குணமானவர் இத்தனை பேர், குணமாகாதவர் இத்தனை பேர், இறந்தவர் இத்தனை பேர் என்று எழுதிவைத்தார்கள். எந்தப் புண்ணிய தீர்த்தத்திலாவது மூழ்கியும் குணமாகாதவர்களின் ஜாபிதா வைத்திருக்கிறார்களா? குணமான ஒருவனைப் பற்றித்தான் புராணம் எழுதுவார்களேயொழிய, குணமாகாத நூறு பேரைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

அந்தக் கணக்கினால் ஒரு உண்மை வெளிவந்தது. ஈய விஷத்தால் கை கால் விழுந்துபோன பெயிண்டர்கள் முதலிய தொழிலாளிகளில் பலர் அங்கே குணமடைந்திருந்தார்கள். அது தண்ணீரின் மகிமையா? 1980 முதலான வருஷங்களில் வைத்தியர்கள் ஆட்களைக் கழுத்தளவு தண்ணீரில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். நீரின் அழுத்தத்தால் மூத்திரம் அதிகமாகப் பிரிகின்றது. அதோடு உடம்பிலுள்ள ஈயமும் வெளியேறுகின்றது என்று கண்டார்கள். அந்த அழுத்தம் கிணற்று நீருக்கும் உண்டு, ஆற்று நீருக்கும் உண்டு.

சாயங்காலத்தில் நியூ கிங் தெருவில் 19ம் நம்பர் வீட்டையும் பார்க்கவேண்டும். அங்கே வில்லியம் ஹெர்ஷெல் என்பவர், மாதாகோயிலில் ஆர்கன் வாசித்துப் பிழைத்துக்கொண்டு, தம் கையாலேயே தூரதிருஷ்டிக் கண்ணாடி செய்து, 1781 மார்ச் 13ல் வீட்டுத் தோட்டத்திலிருந்து யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தார். அவர் தங்கை கரோலின் எட்டு வால் நட்சத்திரங்களைக் கண்டுபிடித்த அம்மையார். கிரகங்கள் இத்தனைதான் என்று அதுவரை ஜோசியம் சொல்லி வந்தவர்களில் ஒருவனுக்காவது, இன்னொரு கிரகம் இருப்பதாக ஜாதகக் கட்டம் காட்டிற்றா? பெண்ணுக்கு அறிவு எதற்கு என்று கேட்கின்றவர்களும் அந்த வீட்டை ஒரு தடவை நினைத்துப் பார்க்கட்டும்.

கடைசியாக ஒரு துக்கமான சங்கதி. 1978ல் அவ்வூர் வெந்நீரில் நீந்திய ஒரு சிறு பெண், அந்நீரிலிருந்த அமீபா என்னும் கண்ணுக்குத் தெரியாத கிருமி மூளையைத் தாக்கியதால் இறந்துபோனாள். புனித நீர், மருந்து நீர் என்று எவ்வளவு காலம் புகழப்பட்ட நீர்! அங்குள்ளவர்கள் என்ன செய்தார்கள்? தெய்வக் குற்றம் என்று பரிகாரம் தேடவில்லை. குளிப்பதை நிறுத்தினார்கள். நீரைச் சோதித்தார்கள். புதிதாகத் துளையிட்டு ஆழத்திலிருந்து சுத்தமான நீரை எடுத்தார்கள். 2006ல்தான் புதிய குளிப்பு நிலையத்தைத் திறந்தார்கள். ரோமர் குளத்தில் இப்போதும் யாரையும் இறங்க விடுவதில்லை, பார்க்கத்தான் விடுகிறார்கள்.

தோழர்களே! தண்ணீரைக் கும்பிடாதீர்கள் என்று சொல்லும்போது, தண்ணீரை நாங்கள் அவமதிப்பதாகச் சிலர் கூச்சல் போடுகிறார்கள். கும்பிடுகிறவன்தான் அதில் அழுக்கைக் கரைத்துவிட்டு அதையே தீர்த்தமென்று தலையில் தெளித்துக்கொள்கிறான். அந்த நீரில் என்ன இருக்கிறதென்று கேட்கின்றவனே தன் குழந்தையைக் காப்பாற்றுகிறான். ஆகவே நீங்கள் எந்த ஊர்க் குளத்துக்குப் போனாலும், இதில் மூழ்கிக் குணமானவர் யார் என்று மாத்திரம் கேட்காமல், குணமாகாதவர் எத்தனை பேர், அவர்கள் கணக்கு எங்கே என்றும் கேட்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.