ஐப்பசியின் நிறம் பச்சை

வானம் இருட்டிக்கொண்டு வந்த பிறகும் எழுந்து போகாமல் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, மேடைக்கு முன்னால் தரையில் அமர்ந்திருக்கிற என் செல்லக் குழந்தைகளே!

மழைக்காலத்தில் குடும்பத்தோடு பொழுதைக் கழிப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேசுகிறேன். அதற்கு முன்னால் என் நெஞ்சில் ஒரு முள் இருக்கிறது. அதை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் மற்றது.

எங்கள் தெருவில் ஒரு சிறுமி. மூன்றாம் வகுப்பு. போன வாரம் அவள் பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொன்னார்கள். தலைப்பு இலையுதிர்காலம். இந்தக் குழந்தை என்ன செய்தாள்? ஜன்னலைத் திறந்தாள். கண்ணால் பார்த்ததை வரைந்தாள். ஏரி வரைந்தாள். ஏரிக்கரையில் பனைமரம் வரைந்தாள். கரையெல்லாம் பச்சைப் புல். அதற்கு மேலே நாலு தட்டாம்பூச்சி. ஓரத்தில் சாய்ந்து பெய்கிற மழை. என்ன மதிப்பெண் போட்டார்கள் தெரியுமா? சிவப்பு மையில் குறுக்கே ஒரு பெருக்கல் குறி! கீழே ஒரு வரி: "இலைகள் சிவப்பாகவும் மஞ்சளாகவும் இருக்க வேண்டும்."

யாருடைய ஊரில் ஐயா? யாருடைய ஊரில் ஐப்பசி மாதத்து இலை சிவக்கிறது?

கைதட்டுகிறீர்கள். அந்தக் கைதட்டல் அந்தக் குழந்தைக்கு. நான் அந்த ஆசிரியரைத் திட்ட வரவில்லை. அவர் கையில் கொடுத்த புத்தகத்தில் அப்படிப் படம் போட்டிருக்கிறது. குளிர்நாட்டில் இந்த மாதங்களில் மரம் சிவந்து உதிர்வது உண்மை. அழகும்தான். அங்கே பிள்ளைகள் உதிர்ந்த இலையைப் பொறுக்கி ஒட்டி விளையாடுகிறார்கள், பூசணிக்காயைக் குடைந்து விளக்கு வைக்கிறார்கள். விளையாடட்டும், அது அவர்கள் மண். நம் மண்ணில் இலை உதிர்வது மாசியில், பங்குனியில். வேப்பமரத்தைப் பாருங்கள், அரசமரத்தைப் பாருங்கள். ஐப்பசியில் இங்கே எல்லாம் துளிர்க்கிறது! நம் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சும்மாவா சொன்னார்கள்?

நம் முன்னோர் ஆண்டை ஆறாகப் பிரித்தார்கள். ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். கூதிர்! எவ்வளவு அழகான சொல். உச்சரித்தாலே உடம்பில் வாடைக்காற்று படுகிறது. இந்தக் கூதிரை வைத்து நக்கீரர் 188 அடியில் நெடுநல்வாடை என்று ஒரு பாட்டே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இவ்வளவு பெரிய சொத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, நம் குழந்தை நம் ஏரியை வரைந்தால் தப்பு என்கிறோம்.

சரி. முள்ளை எடுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். இல்லை, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பிறகு வருகிறேன்.

இப்போது ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். விழுப்புரத்துக்கு அந்தப்பக்கம் எங்கள் ஊரில் ஒரு பனையேறிப் பெரியவர் இருந்தார். பெயரைச் சொல்லமாட்டேன். மேடையில் என் பேரு வரக் கூடாதுடா என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தையைக் காப்பாற்றுகிறேன். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஐப்பசி பிறந்தால் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர்தான் வாத்தியார். என்ன பாடம்? மாவளி!

இங்கே மாவளி சுற்றியவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். ஆகா! பெரியவர்கள் எல்லோருடைய கையும் மேலே இருக்கிறது. முன்னால் உட்கார்ந்திருக்கிற குழந்தைகள் ஒருவர் கையும் மேலே இல்லை. இந்த ஒரு காட்சி போதும், நான் பேசவே வேண்டாம்.

குழந்தைகளே, கேளுங்கள். பனையில் ஆண் உண்டு, பெண் உண்டு. நுங்கு தருவது பெண்பனை. ஆண்பனையில் நுங்கு கிடையாது, நீள நீளமாய் விரல்போல் பூ வரும். அந்தப் பூ காய்ந்து மரத்தடியில் கிடக்கும். அதைப் பொறுக்கி வரவேண்டும். சின்னக் குழி வெட்டி, அதில் அடுக்கி, தீ மூட்ட வேண்டும். செக்கச்செவேல் என்று பிடித்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிட வேண்டும். அங்கேதான் சூட்சுமம்! முன்னால் மூடினால் கரி வேகாது, பின்னால் மூடினால் சாம்பல். எப்போது மூடுவது தாத்தா என்று கேட்டால், "பூவு சொல்லும்டா, கிட்ட குந்திப் பாரு" என்பார். கிட்டக் குந்திப் பார்த்தோம். பூ சொன்னது.

மறுநாள் அந்தக் கரியை எடுத்து, கொஞ்சம் உப்புப் போட்டு, அம்மியில் மைபோல அரைக்க வேண்டும். பழைய பருத்தித் துணியில் கொட்டி, இறுக்கிச் சுருட்டி, கட்ட வேண்டும். பனைமட்டையைப் பிளந்து, நடுவில் அந்தச் சுருளை வைத்துப் பிடிக்கக் கட்டி, முனையில் நீளமாய் ஒரு கயிறு. கார்த்திகை தீபத்தன்று, அங்கே திருவண்ணாமலையில் மலைமேல் தீபம் ஏறுகிற நேரம், இங்கே களத்துமேட்டில் சுருளின் முனையில் ஒரு கங்கை வைத்து ஊதி, கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேலே சுற்றினால், மாவளியோ மாவளி! பொறி பறக்கும். தங்கத்தைத் தூளாக்கி வீசினதுபோல வட்டமாய்ப் பறக்கும். சத்தம் கிடையாது. புகை மூட்டம் கிடையாது. கடையில் காசு கொடுத்து வாங்கினது எதுவும் அதில் கிடையாது, அந்த உப்பைத் தவிர!

இதில் அப்பாவுக்கு வேலை இருக்கிறது, மட்டையைப் பிளக்க. பாட்டிக்கு வேலை இருக்கிறது, பழைய புடவையைக் கிழித்துக் கொடுக்க. அம்மாவுக்கு அம்மி. பிள்ளைகளுக்குப் பூப் பொறுக்க. ஒரு குடும்பமே ஒரு பொருளைச் சுற்றி ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறது. குடும்பத்தோடு பொழுதுபோக்குவது எப்படி என்று கேட்டீர்களே, இதுதான் ஐயா அது!

இதே ஊரில், வேறொரு மேடையில், கொஞ்ச நாளைக்கு முன்னால் சில பேர் பேசினார்கள். பெயர் வேண்டாம். கரியும் களிமண்ணும் பிள்ளைகளுக்கு எதற்கு, அந்த நேரத்தில் நாலு கணக்குப் போட்டால் முன்னேறுவான் என்று பேசினார்களாம். இதெல்லாம் வேலையற்றவர் வேலையாம். நான் கேட்கிறேன், எரிகிற பூவை எந்த நொடியில் மூடவேண்டும் என்று கண்டுபிடிக்கிறானே, அது கணக்கு இல்லையா? பிளந்த மட்டைக்கு நடுவில் சுருள் நழுவாமல் கட்டுகிறானே, அது பொறியியல் இல்லையா? கயிற்றை விட்டால் எந்தத் திசையில் பறக்கும் என்று பயந்து பிடித்திருக்கிறானே, அது இயற்பியல் இல்லையா? கைகளைக் கட்டிப்போட்டுவிட்டு மூளையை மட்டும் வளர்க்கப் போகிறார்களாம்! செடியை நிழலில் வைத்துக்கொண்டு பூவை மட்டும் வெயிலில் காயவைக்க முடியுமா? அவர்கள் இந்த மேடைக்கு வரட்டும். ஒரு பனைமட்டையைக் கையில் கொடுக்கிறேன். பிளந்து காட்டட்டும். காட்டினால் அவர்கள் சொல்வதை உட்கார்ந்து கேட்கிறேன்!

நன்றி, நன்றி. உட்காருங்கள். கோபத்தில் தலைப்பை விட்டுவிட்டேன். வெளியே போவது பற்றி இன்னும் சொல்லவில்லையே.

கூதிர்காலத்தில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது? குளிர்சாதனக் கடைவளாகத்துக்கா? வேடந்தாங்கலுக்குக் கூட்டிப்போங்கள். மழை பெய்து ஏரி நிரம்பினால் நத்தைகுத்தி நாரை வரும், கூழைக்கடா வரும், அரிவாள்மூக்கன் வரும், கழுத்தைப் பாம்புபோல நீட்டிக்கொண்டு பாம்புத்தாரா வரும். அந்த ஊர்க்காரர்கள் 1798-லேயே கும்பினி ஆட்சியில் மாவட்ட ஆட்சியரிடம் எங்கள் பறவையை யாரும் சுடக் கூடாது என்று உரிமை வாங்கியவர்கள். காரணம் தெரியுமா? பறவையின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலந்து, அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் உரம் போடாமலே நெல் விளையும். பறவை வாழ்ந்தால் வயல் வாழும் என்று படிக்காத உழவன் கண்டு வைத்திருந்தான்.

இன்னும் தெற்கே போங்கள். சிவகங்கைச் சீமையில் கொள்ளுக்குடிப்பட்டி. பக்கத்திலேயே வேட்டங்குடி சரணாலயம். தீபாவளி வருகிறது. நாடே வெடிக்கிறது. அந்த ஊரில் ஒரு வெடிச் சத்தம் கேட்காது. கண்மாயில் பறவை கூடு கட்டியிருக்கிறது, குஞ்சு பயப்படும் என்று பல பத்தாண்டுகளாக அந்த ஊர்ப் பிள்ளைகள் பட்டாசே வெடிப்பதில்லை. குழந்தைகளே, உங்கள் வயதுப் பிள்ளைகள்! தன் ஆசையை ஒரு குஞ்சுக்காக விட்டுக்கொடுத்த பிள்ளைகள்! அந்த ஊருக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள், நூறு நீதிக்கதைக்குச் சமம்.

தூரம் போகமுடியாதா? நம் ஏரிக்கரைக்குப் போங்கள். வேலியில் செங்காந்தள் பூத்திருக்கும். நம் மாநிலப் பூ. நெருப்புபோல நிற்கும். கார்த்திகைப்பூ என்றே அதற்குப் பெயர். காட்டுங்கள், தொட வேண்டாம், அதன் கிழங்கு நஞ்சு என்று சொல்லிக்கொடுங்கள். மேலே பாருங்கள், தட்டான்கள். தேசாந்திரித் தட்டான் என்று ஒன்று உண்டு. விரல் நீளம்கூட இல்லாத அந்தப் பூச்சி இந்தப் பருவக்காற்றில் ஏறிக் கடல் தாண்டி மாலத்தீவு வரைக்கும் போகிறது. அந்தச் சிறுமி வரைந்தாளே நாலு தட்டான், நினைவிருக்கிறதா? அதற்குத்தான் பெருக்கல் குறி போட்டார்கள்!

பார்த்தீர்களா, முள் இன்னும் இருக்கிறது.

அந்தப் பனையேறிப் பெரியவரைப் பற்றி ஒன்று சொல்லாமல் என்னால் இறங்கமுடியாது. எனக்குப் பத்து வயது. புரட்டாசியில் என் அப்பா இறந்துபோனார். துக்க வீடு. கார்த்திகைக்கு விளக்கு ஏற்றக் கூடாது. ஊரெல்லாம் அகல் எரிகிறது, எங்கள் திண்ணை மட்டும் இருட்டு. கதவுக்குப் பின்னால் நின்று களத்துமேட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் வந்தார். கையில் ஒரு மாவளி. எனக்கென்று செய்தது. அம்மாவிடம் சொன்னார்: "ஊட்டுல வெளக்குதாம்மா ஏத்தக் கூடாது. வெளி யாரு ஊடும் இல்ல. புள்ளய அனுப்பு." அம்மா அழுதுகொண்டே அனுப்பினாள். அன்றைக்குச் சுற்றினேன் பாருங்கள்! கை வலிக்கிற வரைக்கும், கரி தீர்கிற வரைக்கும் சுற்றினேன். பக்கத்திலேயே நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை.

அவருக்கு எந்த விருதும் வரவில்லை. அவர் ஏறிய மரங்களில் பாதி இன்று இல்லை. பனை நம் மாநில மரம், 1978-லேயே அறிவித்தாயிற்று. வெட்ட வேண்டுமென்றால் ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு சொன்னது. நல்லது. ஆனால் கோடாரி முதலில் எதன்மேல் விழும் தெரியுமா? நுங்கு தராது என்று ஆண்பனையின் மேல். மாவளிக்குப் பூ தருகிற மரத்தின் மேல்!

அதனால் கேட்கிறேன். இந்த வாரம் உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பனம்பழம் விழுந்த இடங்களில் கொட்டை பொறுக்குங்கள். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு நம் ஏரிக்கரைக்கு வாருங்கள். நானும் என் பேரப்பிள்ளைகளும் கடப்பாரையோடு நிற்போம். ஆளுக்குப் பத்துக் கொட்டை. மழை ஈரத்தில் ஊன்றினால் போதும், மிச்சத்தை மண் பார்த்துக்கொள்ளும். பூவெடுக்கப் பத்துப் பதினைந்து ஆண்டாகும். பூக்கும் வரைக்கும் அது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. தெரியாமலே ஊன்றுவோம். நுங்கு தந்தால் தின்னட்டும், பூ தந்தால் சுற்றட்டும்.

அந்தச் சிறுமியையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவள் வரைந்த படத்தில் பனைமரம் ஒன்றுதான் இருந்தது. அடுத்த படத்துக்கு அவளுக்கு நிறைய மரம் வேண்டும், நிறையப் பச்சை வேண்டும்.

தூறல் விழுகிறது. யாரும் ஓடாதீர்கள், பிள்ளைகளை நனைய விடுங்கள். நம் கூதிர் வந்திருக்கிறது.